பந்து விழுவதற்கு முன்னால் வந்த செய்தி

டிவியில் பாஸ்கெட்பால் ஆட்டம், பந்து எதிரணிக்காரர் கையில் இருந்தது. அவர் அதைத் தட்டிக்கொண்டு இன்னும் நடுக்கோட்டைக்கூடத் தாண்டவில்லை. அப்போது என் மடியில் இருந்த போன் அதிர்ந்தது. எங்கள் குடும்பக் குரூப்பில் தம்பி ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தான்.

"விழுந்தது."

எது விழுந்தது என்று யோசித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணி எறிந்தது, தவறியது. தம்பியின் பே ஏரியா அணி பந்தை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஓடி வந்தது. மூலையில் தனியாக நின்ற ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் எம்பி எறிந்தார். பந்து வளையத்தில் படாமல் வலைக்குள் இறங்கியது.

முதல் தடவை சிரித்துக்கொண்டேன். குருட்டு அதிர்ஷ்டத்தில் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். அன்றைக்கே இன்னும் நான்கைந்து முறை அதே மாதிரி நடந்தது. "விழுந்தது" என்று எழுதினால் சற்று நேரத்தில் விழுந்தது. "போச்சு" என்று எழுதினால் பந்து வளையத்தில் மோதி வெளியே போனது. கடைசியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் நியூ ஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டரில் இருக்கிறார். தம்பி கலிபோர்னியாவில், பே ஏரியாவில், ஃப்ரீமான்டில். நடுவில் நான், டெக்சாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பேர்லேண்டில். அவர்கள் இரண்டு பேரும் இன்ஜினியர்கள். நான் பிளஸ் டூவோடு நின்றுவிட்டேன். ஆனால் பள்ளியில் பாஸ்கெட்பால் டீமில் இருந்தேன். வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்து சொல்ல மாட்டேன். கோர்ட்டில் மட்டும் கத்துவேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் டிவியில் என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் பிடிபடாது. பாஸ்கெட்பால் பார்க்க இங்கிலீஷ் தேவைப்படவில்லை. அப்படியே பழகிவிட்டது. அண்ணனும் தம்பியும் என்னிடம் கேட்டுத்தான் அந்த ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்துகொண்டார்கள். வீடு வாங்குவதா, கார் வாங்குவதா, எந்தக் காலேஜ் என்பதையெல்லாம் அவர்கள் எனக்குச் சொல்வார்கள். இது ஒன்றைத்தான் என்னிடம் கேட்பார்கள்.

அதனால் அந்தக் குரூப் எனக்கு முக்கியம். குரூப்பில் மூன்று பேர் மட்டும்தான். அண்ணன் நியூயார்க் அணி, நான் ஹூஸ்டன் அணி, தம்பி பே ஏரியா அணி. அந்த சீசனில் எங்கள் ஹூஸ்டன் பையன்களை ஆரம்பத்தில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் சின்ன வயதுப் பையன்கள். ஆனால் தடுத்து ஆடுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, கிறிஸ்துமஸ் வருவதற்குள் மேலே வந்துவிட்டார்கள். தம்பியின் அணி எதிர்மாறாக ஆரம்பத்தில் நன்றாக ஆடிவிட்டு நடுவில் தடுமாறியது. பிப்ரவரியில் வேறு அணியிலிருந்து ஒரு மூத்த ஆட்டக்காரரைக் கொண்டுவந்த பிறகு நிமிர்ந்தது. அண்ணன், "இந்த வருஷம் நியூயார்க் தான், எழுதி வெச்சுக்கோ" என்று வழக்கம்போல எழுதினார்.

தம்பியின் செய்தி முன்னால் வருவதைப் பற்றி மகளிடம் கேட்டேன். அவள் ஹைஸ்கூல் படிக்கிறாள். கையில் இருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"இட்ஸ் ஜஸ்ட் லேக், அம்மா."

"அப்படின்னா?"

"நம்ம டிவி ஆப்ல வர்றது லேட்டா வரும். தர்ட்டி, ஃபார்ட்டி செகண்ட்ஸ். மாமா வேற ஏதாவது ஃபாஸ்டா வெச்சிருப்பாங்க."

"போன வருஷம் நமக்குப் பின்னாடி தானேடி எழுதுவான்?"

"ஸோ, மாமா அப்கிரேட் பண்ணிட்டாங்க. வொய் ஆர் யூ பீயிங் எ டிடெக்டிவ்?"

நான் பள்ளிக்கூட கேஃபடீரியாவில் வேலை செய்கிறேன். முடி உதிராமல் தலையில் ஹேர் நெட் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் வரிசையில் வரும்போது தட்டில் சாப்பாடு எடுத்து வைக்கிற வேலை. இரண்டாவது பால் டப்பாவை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைக்கிற பிள்ளையைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். கையைப் பார்த்தல்ல, அதன் முகத்தில் திடீரென்று வருகிற சாதுத்தனத்தைப் பார்த்து. தம்பியின் செய்திகளில் எனக்கு அந்தச் சாதுத்தனம் தெரிந்தது.

சமையலறையில் கோயிலில் கொடுத்த காலண்டர் தொங்குகிறது. அதில் குறிக்க ஆரம்பித்தேன். அவன் செய்தி முன்னால் வந்தால் அந்தத் தேதியில் ஒரு வட்டம். என் டிவிக்குப் பின்னால் வந்தால் பெருக்கல் குறி. கணவர், "ஏகாதசி எல்லாம் குறிக்க ஆரம்பிச்சுட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரு மாதம் போனதும் உட்கார்ந்து பார்த்தேன். பே ஏரியா அணி வெளியூரில் ஆடிய நாள் எல்லாம் பெருக்கல் குறி. சொந்த ஊரில் ஆடிய நாள் எல்லாம் வட்டம். ஒன்றுகூட மாறவில்லை. நெட் கனெக்‌ஷன் வேகமானது என்றால் எல்லா நாளும் அல்லவா வேகமாக இருக்க வேண்டும்?

பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளி இன்னொரு தடவை படித்தேன். வெளியூர் ஆட்டம் என்றால் தம்பி நிறைய எழுதியிருந்தான். "அக்கா, இடது கால ஊனிட்டு எப்படித் திரும்பினான் பாத்தியா, நீ சொல்லிக் குடுத்தியே அதே தான்" என்று எழுதியிருந்தான். சொந்த ஊர் ஆட்டம் என்றால் ஒற்றை வார்த்தைதான். விழுந்தது. போச்சு. மூணு. மூணு என்றால் மூன்று பாயிண்ட். யார் போட்டது, எங்கிருந்து போட்டது, ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் முன்னால் தெரிகிறது, ஆனால் பாதிதான் தெரிகிறது. இது என்ன மாதிரிப் பார்வை என்று எனக்கு விளங்கவில்லை.

கணவரிடம் காலண்டரைக் காட்டினேன். ஏகாதசி இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"உள்ளூர் மேட்ச்னா முன்னாடி தெரியுதுன்னா, ஸ்டேடியத்துல இருக்கான்னு அர்த்தம். சிம்பிள்."

"எல்லா மேட்சுக்குமாங்க? ஒரு தடவ போனாலே பத்து போட்டோ போடுவான். போன வருஷம் போனப்ப பாப்கார்ன்கூடப் போட்டோ எடுத்து அனுப்பினான். அதோட, அங்க உக்காந்து பாத்தா யார் போட்டான்னு எழுத மாட்டானா?"

"அதுவும் சரிதான்" என்றவர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ரிசல்ட் மட்டும் போதும்னு நினைக்கறவன் ஒரே ஒருத்தன் தாம்மா. பெட் கட்டறவன்."

அந்த வார்த்தை எனக்குள் விழுந்துவிட்டது. வேலையில் தட்டில் சோளத்தை வைத்துக்கொண்டே அதை நினைத்தேன். கார் ஓட்டும்போது நினைத்தேன். தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். உடனே, அப்படிப்பட்டவர்களின் அக்காக்கள் எல்லோரும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள் என்று தோன்றும்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் ஊரில் பகல் ஆட்டம். ஆரம்பிக்கும் முன் குரூப்பில் எழுதினேன்: "எங்க இருக்கே?"

"சோபால. கால நீட்டி உக்காந்தாச்சு. நீ ரெடியா?" என்று எழுதினான்.

முதல் கால் பகுதி ஆட்டம் முடிந்ததும் அவன் மனைவிக்கு போன் செய்தேன். எனக்கு யாருக்கும் சும்மா போன் செய்கிற பழக்கம் கிடையாது. பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க அக்கா, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்மா. அன்னிக்கு ஒரு வத்தக்குழம்பு செஞ்சியே, அதுக்கு எத்தன ஸ்பூன் பொடி போட்ட?"

சொன்னாள். சீட்டில் எழுதியிருந்த அடுத்த வரியைப் படித்தேன்.

"தம்பி மேட்ச் பாக்கறானா?"

"இல்லக்கா, வெளில போயிருக்கார். வந்துடுவார்."

சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்தினாள். சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது எனக்குத் தெரிந்தது. "வந்த உடனே பேசச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். நான் போனைக் காதிலிருந்து எடுப்பதற்குள் அது அதிர்ந்தது. தம்பிதான்.

"மூணு."

டிவியில் அந்த மூன்று விழும்வரை காத்திருந்தேன். என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான் என்பதில் இனி சந்தேகமில்லை. ஏன் சொன்னான் என்பதுதான் தெரியவில்லை.

அந்த இடத்தில் நான் அவனையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் "ஆமாம்" என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம் பழையது. அவர்கள் ஃப்ரீமான்ட் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்தபோது, வந்தவர்களிடம் தம்பி மனைவி என்னை, "இவங்க அக்கா, டெக்சாஸ்ல ஸ்கூல்ல இருக்காங்க" என்று சொல்லி அறிமுகம் செய்தாள். ஒரு அங்கிள், "ஓ, டீச்சரா? எந்த கிரேடு?" என்று கேட்டார். எல்லா கிரேடும்தான் என்றேன். அவருக்கு ஆச்சரியம். தம்பி மனைவி முந்திக்கொண்டு அவர் கையில் காபியைக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் கேள்வி கேட்கிற உரிமை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தயக்கம்.

அதனால் அண்ணனிடம் சொன்னேன். நான் செய்த தப்பு அதுதான்.

"உங்க மனசோட வெச்சுக்கோங்கண்ணா. அவனக் கேக்க வேணாம். கவனிச்சுக்கலாம்னு தான் சொல்றேன்" என்றேன்.

"சரி, சரி. நான் ஏன் கேக்கப் போறேன்?" என்றார் அண்ணன். "ஆனா நீ சொல்றத வெச்சுப் பாத்தா இது அது தான். இங்க எங்க ஆபீஸ்லயே ஒருத்தன் அப்படித்தான் ஆனான். போன்லயே கட்டறான், போன்லயே போகுது. நல்ல வேளை, நீ கண்டுபிடிச்ச."

நல்ல வேளை என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. வேலை முடிந்து பார்க்கிங்கில் காரைத் திறக்கும்போது தம்பி மனைவி கூப்பிட்டாள்.

"பெரிய அத்தான் போன் பண்ணினார். இவர் சூதாடறாராம். பேங்க் அக்கவுண்ட எல்லாம் என்னை செக் பண்ணச் சொல்றார். நீங்க சொன்னீங்களாம்."

திறந்த கார்க் கதவை மறுபடி சாத்தினேன்.

"வத்தக்குழம்புக்குப் பொடி கேட்டீங்களே, அப்ப இதையே நேரா கேட்டிருக்கலாமே அக்கா."

"அவன் சோபால இருக்கேன்னு எழுதினான்மா. அதான்..."

"அவர் சூதாடல. அவ்வளவு தான் என்னால சொல்ல முடியும்" என்றாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தம்பி குரூப்பில் எழுதவில்லை. குரூப்பை விட்டு வெளியே போகவும் இல்லை. நாங்கள் எழுதுவதைப் படித்தான், இரண்டு நீல டிக் விழும். அவ்வளவுதான். அண்ணன், "பாத்தியா, வாயத் தொறக்க முடியல. குத்தமுள்ள நெஞ்சு" என்று எனக்குத் தனியாக எழுதினார். நான் பதில் போடவில்லை. அவள் சொன்ன வாக்கியத்தையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். சூதாடல, அவ்வளவு தான் என்னால சொல்ல முடியும். அப்படியானால் சொல்ல முடியாத வேறு ஒன்று இருக்கிறது. என் சந்தேகம் தீரவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்து, சீசன் முடிவில் வருகிற பிளேஆஃப் முதல் சுற்றிலேயே ஹூஸ்டனும் பே ஏரியாவும் மோத வேண்டியதாகிவிட்டது. இத்தனை வருடத்தில் நானும் தம்பியும் இப்படி ஒரு வாரம் முழுக்கச் சண்டை போட்டுக் கொண்டாடியிருப்போம். அவன் ஊரில் மூன்று ஆட்டம் நடந்தது. மூன்றிலும் ஒரு செய்தி இல்லை. அந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது, திரையில் வருவது எனக்குத் தாமதமாக வருகிறது, அவனுக்கு முன்பே தெரிந்துவிட்டது, சொல்லாமல் இருக்கிறான் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. எங்கள் பையன்கள் ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கி, பிறகு இரண்டு ஆட்டத்தைத் தொடர்ந்து ஜெயித்துச் சமன் செய்தார்கள். யார் மேலே போவது என்று முடிவு செய்கிற ஏழாவது ஆட்டம் ஹூஸ்டனில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

கணவர் ஆபீஸில் யாரோ போக முடியாமல் இரண்டு டிக்கெட் கொடுத்தார்கள். கூரையைத் தொடுகிற வரிசை. இருபது வருடமாக டிவியில் பார்க்கிற எனக்கு அரங்கத்துக்குள் போவது அதுதான் முதல் தடவை. அத்தனை ஜனம், அத்தனை சத்தம். பக்கத்து நாற்காலிக்காரரின் முழங்கை படாமல் உட்காருவதிலேயே பாதி கவனம் போனது. கீழே ஆட்டக்காரர்கள் கட்டைவிரல் அளவுதான் தெரிந்தார்கள். மூன்றாவது பகுதி தொடங்கும்போது எங்கள் அணி நன்றாகவே பின்தங்கியிருந்தது. தலை கனத்தது. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன்.

வெளியே நீளமான தாழ்வாரம். சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருந்தன. எல்லோரும் உள்ளே போய்விட்டதால் தாழ்வாரம் காலியாக இருந்தது. ஒரு கடைக்குப் பக்கத்தில், உள்ளே போகிற திரைச்சீலைக்கு வெளியே, ஒருவர் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். வண்டியில் காகிதக் கப்புகளும் பன்களும் இருக்கிற அட்டைப் பெட்டிகள் அவர் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஏப்ரன், ஹேர் நெட். என் உடுப்பேதான். வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றிருந்தார். எதற்கோ காத்திருப்பவர் போல.

உள்ளே திடீரென்று சத்தம் அடங்கியது. இருபதாயிரம் பேர் ஒன்றாக மூச்சை நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. பிறகு கூரை அதிர்ந்தது.

"த்ரீ" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார்.

எனக்கு எதிரே தூணில் ஒரு டிவி இருந்தது. அதில் எங்கள் ஆள் ஒருவர் அப்போதுதான் பந்தை வாங்கினார். கோட்டுக்கு வெளியே நின்று எம்பினார். விழுந்தது. மூன்று.

நான் தண்ணீர் வாங்க மறந்து நின்றேன். பள்ளியில் ஆடும்போது இது எனக்கும் தெரிந்த விஷயம்தான். நம் ஆள் எறிந்த உடனே தடுப்பதற்காகத் திரும்பி ஓட வேண்டும். பந்து விழுந்ததா என்று நின்று பார்க்க நேரமிருக்காது. முதுகுக்குப் பின்னால் கேட்கிற சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வோம். எத்தனை என்று தெரியும். யார் போட்டது என்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும்.

விழுந்தது. போச்சு. மூணு.

தம்பியைக் கூப்பிட்டேன். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன். எடுத்தான்.

"என்னக்கா, மேட்ச் நடக்கறப்ப?"

"நான் ஸ்டேடியத்துல இருக்கேன்டா. உள்ள இல்ல. வெளில காரிடார்ல நிக்கறேன். இங்கேருந்து ஒண்ணும் தெரியல. சத்தம் மட்டும் தான் கேக்குது."

 அவன் வீட்டு டிவியின் சத்தம் மட்டும் கேட்டது.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன்."

அப்போது உள்ளே இன்னொரு தடவை கத்தினார்கள். முன்பு போல அடங்கி எழுந்த சத்தம் இல்லை, சட்டென்று எழுந்து சட்டென்று தணிந்தது. நான் தூணில் இருந்த டிவியைப் பார்க்கவில்லை.

"இப்ப என்னடா?" என்று கேட்டேன்.

"உங்க டீமு. ரெண்டு" என்றான். பிறகு மெதுவாக, "எங்க டிவில இன்னும் வரல" என்றான்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"எப்பலேருந்து?"

"சீசன் ஆரம்பத்துலேருந்து. ஆபீஸ்ல மொத்த டீமையும் தூக்கிட்டாங்க. இன்டர்வியூ போயிட்டே தான் இருக்கேன், ஒண்ணும் அமையல. பகல்ல அது. மேட்ச் இருந்தா இங்க ஸ்டேடியத்துல இது. ஸ்டோர் ரூம்லேருந்து கவுண்டருக்கு எடுத்துட்டுப் போற வேலை. கவுண்டர்ல டிவி இருக்கு. எனக்குத் திரைக்கு இந்தப் பக்கம் தான்."

"அப்புறம் எதுக்குடா சோபால இருக்கேன்னு மெசேஜ் போட்டே?"

"மேட்ச் அன்னிக்கு நான் சும்மா இருந்தா நீ சந்தேகப்படுவ. அதுக்குத் தான் போட்டேன்."

சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நீ சாஃப்ட்வேர்காரன். உனக்கு முன்னாடி வருது, எனக்குப் பின்னாடி வருதுன்னு தோணவே இல்லையா?"

"பாக்கெட்லேருந்து போன எடுத்து, சூப்பர்வைசர் பாக்கறதுக்குள்ள ஒரு வார்த்தை அடிக்கணும். இதுல லேக் எல்லாம் எங்க யோசிக்கறது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"உன்கிட்ட சொன்னா அண்ணாவுக்குப் போகும்."

"நான் சொல்வேனா?"

"சொன்னியே" என்றான்.

 மாதக்கணக்கில் நான் அவனைச் சந்தேகப்பட்டேன், அவன் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறான். இரண்டு பேரில் அவன் சந்தேகம்தான் சரியாக இருந்தது. உள்ளே ஜனம் ஏதோ முணுமுணுத்தது. எதிரணி போட்டிருக்க வேண்டும். இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

வைத்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் கேட்க வேண்டியது இன்னொன்று பாக்கி இருந்தது. இப்போது கேட்காவிட்டால் அதையும் இன்னொரு காலண்டரில் குறித்துக்கொண்டிருப்பேன் என்று எனக்குத் தெரிந்தது.

"என் வேலை மாதிரி வேலைன்னு சொல்ல வெட்கமா இருந்துதா?"

உடனே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவன் யோசித்தான்.

"மொதல்ல இருந்துது" என்றான்.

"ம்."

"மொதல் நாள் ஹேர் நெட் மாட்டிட்டுக் கண்ணாடில பாத்தேன். சாட்சாத் நீயே தான். மீசை மட்டும் எக்ஸ்ட்ரா."

என்னை அறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வண்டிக்காரர் வெறும் வண்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் தூணில் இருந்த டிவியைப் பார்த்தார். தோற்றுக்கொண்டிருக்கிற ஊரில் சிரிக்கிறவள் எந்த அணி என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

"அக்கா" என்றான் தம்பி. "கிரகப்பிரவேசத்துல அந்த அங்கிள் எந்த கிரேடுன்னு கேட்டாரே. நான் உனக்குப் பின்னாடி தான் நின்னுட்டிருந்தேன். கேட்டுது. நான் ஒண்ணும் சொல்லல."

அவன் அன்று அங்கே நின்றது எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாக அது எனக்கும் அவன் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன்.

"சரி, உள்ள போய்ப் பாரு. அவ்ளோ தூரம் போயிட்டு காரிடார்ல நிக்காத" என்றான்.

"அவகிட்ட நான் பேசணும்."

"பேசு. நாளைக்குப் பேசு. நேரா பேசு. குழம்புப் பொடி எல்லாம் கேக்காத."

இருக்கைக்குத் திரும்பினேன். கணவர் நகர்ந்து வழி விட்டார்.

"தண்ணி எங்க? ஒரு குவார்ட்டர் முழுக்கப் போச்சு உனக்கு."

"கேட்டுட்டு தாங்க இருந்தேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் காரில் சொன்னேன். அவர் நாங்கள் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி ஓட்டிப் போய்விட்டார். பெட் கட்டறவன் என்று தான் சொன்னதை நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

எங்கள் பையன்கள் அன்று தோற்றார்கள். அடுத்த சுற்றில் தம்பியின் அணியும் தோற்றது. அண்ணனின் நியூயார்க் அணி எதிர்பார்க்காத தூரம் போய்விட்டு, கோப்பைக்கு ஒரு சுற்று முன்னால் நின்றது. அண்ணனுக்கு அதில் பாதி சந்தோஷம், பாதி கோபம்.

"சரி, அவன் விஷயம் என்ன ஆச்சு? ஒத்துக்கிட்டானா?" என்று ஒருநாள் போனில் கேட்டார்.

"அது ஒண்ணும் இல்லண்ணா. அவன் கனெக்‌ஷன் வேற, என் கனெக்‌ஷன் வேற. லேக்னு சொல்றா என் பொண்ணு."

"நீ தானே வட்டம் போட்ட, கோடு போட்ட?"

"நான் பிளஸ் டூ தானே. தப்பாப் போட்டுட்டேன்."

 "அவனோட நீயும் சேந்துட்டியா?" என்றார் அண்ணன்.

அவன் மனைவியிடம் ஏழாவது ஆட்டத்துக்கு மறுநாளே பேசினேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்றாள். அந்தப் பரவாயில்லை முழுதாக வர இன்னும் நாளாகும் என்று எனக்குத் தெரியும். அவசரமில்லை.

இப்போது புதிய சீசன் நடக்கிறது. தம்பிக்குப் பகலில் ஏதோ கான்ட்ராக்ட் வேலை கிடைத்திருக்கிறதாம். அப்படிச் சொல்கிறான். நம்புகிறேன், முக்கால்வாசி. ஏனென்றால் அவன் ஊரில் ஆட்டம் நடக்கிற சில நாட்களில் போன் இன்னும் முன்னால்தான் அதிர்கிறது.

"விழுந்தது."

நான் காலண்டரில் ஒன்றும் குறிப்பதில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து, என் திரையில் அது வரும்வரை காத்திருக்கிறேன். வந்ததும் எழுதுகிறேன். யார் போட்டான், எந்த மூலையிலிருந்து, எந்தக் காலை ஊன்றித் திரும்பினான், தடுக்க வந்தவன் எங்கே ஏமாந்தான் என்று, தெரிந்தது எல்லாம் எழுதுகிறேன். பிளஸ் டூ தமிழில் நீளமாகவே எழுதுகிறேன். அவன் வண்டியை நிறுத்திப் படிக்க நேரம் வேண்டுமே என்று சில சமயம் பாதியில் நிறுத்திக்கொள்வேன்.

"இன்னும்" என்று எழுதுவான்.

நியூ ஜெர்சியிலிருந்து அண்ணன், "அவனும் தானே மேட்ச் பாக்கறான்? அவனுக்கு எதுக்கு இவ்வளவு விவரம்? ரெண்டு பேரும் என்ன மறைக்கறீங்க?" என்று கேட்கிறார்.

இரண்டு பேரும் அதைப் படிக்கிறோம். நீல டிக் விழுகிறது. அவ்வளவுதான்.